பணம் எந்த நாளில் வந்து சேர்கிறது? பழங்குடி இளைஞர்களுக்கான கல்வி உதவித்தொகைத் திட்டங்கள்: ஒரு மதிப்பீடு

கல்லூரியில் இடம் கிடைத்த பழங்குடி மாணவி ஒருத்திக்குக் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி ஆகிவிட்டால், இனி அவளுக்குப் பணக்கவலை இல்லை என்றே வெளியில் இருப்பவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் தன்னார்வப் பணியில் பல ஆண்டுகளாக இருந்து வரும் எனக்கு, ஒரு மாணவர் படிப்பை விட்டுப் போகும் நாள் எப்படி வருகிறது என்பது ஓரளவு தெரியும். அது பெரும்பாலும் கட்டணம் கட்ட வேண்டிய நாளாக இருப்பதில்லை. விடுதிச் சாப்பாட்டுக் கணக்கு மூன்று மாதமாக நிலுவையில் நிற்கும்போது வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட, கையில் இருந்ததை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனவர், திரும்பி வருவதற்கான பணம் சேராமலேயே ஒரு பருவத்தேர்வைத் தவறவிடுகிறார். அதன் பிறகு அவர் வருவதில்லை. கல்லூரிப் பதிவேட்டில் அவர் இடைநின்றவர். அவருக்குச் சேர வேண்டிய தொகையோ இரண்டு மாதம் கழித்து அவருடைய வங்கிக் கணக்கில் வந்து கிடக்கும்.

ஆகவே, உலகின் சில நாடுகளில் பழங்குடி இளைஞர்களுக்கென நடத்தப்படும் உதவித்தொகைத் திட்டங்களை ஒரு சேவையாகக் கருதி மதிப்பிட முற்பட்டபோது, எவ்வளவு தொகை தருகிறார்கள் என்பதை முதல் கேள்வியாக நான் வைத்துக்கொள்ளவில்லை. கல்விக் கட்டணம் தவிர வேறு எந்தச் செலவை அது தாங்குகிறது, அந்தப் பணம் தேவைப்படும் நாளுக்கு முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்ற இரண்டையுமே அளவுகோலாகக் கொண்டேன். உலகப் பழங்குடி மக்களின் தொகை ஏறக்குறைய 47.6 கோடி என்றும், மக்கள்தொகையில் 6 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட இவர்கள் கொடிய வறுமையில் வாழ்வோரிடையே ஏறக்குறைய 19 விழுக்காடாக இருக்கிறார்கள் என்றும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் கணக்கிட்டது. வேலையில் இருக்கும் பழங்குடியினரில் 47 விழுக்காட்டினர் எந்தக் கல்வியும் பெறாதவர்கள்; மற்றவர்களிடையே இந்த அளவு 17 விழுக்காடு. இந்த இடைவெளியைக் கட்டணத் தள்ளுபடி மட்டும் அடைத்துவிடாது என்பதற்கு எளிய காரணம் உண்டு. கல்லூரி இருக்கும் ஊர் தொலைவில் இருக்கிறது, அங்கே தங்கியாக வேண்டும், படிக்கும் ஆண்டுகளில் அந்த இளைஞர் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கக்கூடிய கூலி நின்றுபோகிறது, பாடமோ வீட்டில் பேசாத மொழியில் நடக்கிறது. இந்த நான்கில் எதற்கும் கட்டண ரசீதில் இடமில்லை.

திட்டங்களுக்குள் செல்வதற்கு முன் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பல பழங்குடிச் சமூகங்களுக்குப் பள்ளிக்கூடம் என்பது பிள்ளைகளைப் பறித்துக்கொண்டு போன இடமாகவே முதலில் அறிமுகமாயிற்று. கனடாவின் உறைவிடப் பள்ளிகளில் சுமார் 1,50,000 பழங்குடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டனர்; அவற்றில் கடைசிப் பள்ளி 1990-களில்தான் மூடப்பட்டது. அதே நாட்டின் 1876-ஆம் ஆண்டுச் சட்டம், பல்கலைக்கழகப் பட்டம் பெறுகிற அல்லது வழக்கறிஞராகிற பழங்குடி மனிதர் தம் சட்டபூர்வமான பழங்குடி நிலையை இழந்துவிடுவார் என்று விதித்தது. படித்தால் நீ நம்மவன் அல்ல என்று அரசே எழுதிவைத்த நாட்டில், ஒரு பாட்டி தன் பேரனின் விண்ணப்பத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. உதவித்தொகை தரும் அலுவலகங்கள் இந்த நினைவை மதிக்காதவரை, பெற்றோர் கையெழுத்துப் போடத் தயங்குவதை அறியாமை என்று தவறாகப் புரிந்துகொண்டே இருக்கும்.

நான் பார்த்த திட்டங்களில் வடிவமைப்பில் மிகுந்த அக்கறை தெரிவது ஆஸ்திரேலியாவின் ஆப்ஸ்டடி. அந்நாட்டின் அபாரிஜின் மக்களுக்கும் டோரஸ் நீரிணைத் தீவினருக்கும் உரிய இந்தத் திட்டம், பழங்குடியினரை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கவும் அவர்களுக்காக மத்திய அரசு சட்டம் இயற்றவும் வழிசெய்த 1967-ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்புக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1969-இல் உயர்கல்வி மாணவர்களுக்கான உதவியாகத் தொடங்கி, அடுத்த ஆண்டே பள்ளி மாணவர்களுக்கும் விரிந்தது. அதற்கு முன்பு இருந்த நிலையை எண்ணிப் பார்த்தால்தான் இதன் அருமை விளங்கும். 1950-களிலும் 60-களிலும் பல்கலைக்கழக மாணவர் அமைப்பு ஒன்று தானே நிதி திரட்டி விரல்விட்டு எண்ணத்தக்க பழங்குடி மாணவர்களுக்கு உதவியது. பழங்குடி இளைஞரான சார்லஸ் பெர்கின்ஸ் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற 1966-ஆம் ஆண்டில் அது நாடே திரும்பிப் பார்த்த செய்தியாக இருந்தது.

ஆப்ஸ்டடியின் சிறப்பு அது பல கூறுகளாகப் பிரிந்திருப்பது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாழ்க்கைச் செலவுப் படி வருகிறது. வீட்டை விட்டுத் தொலைவில் தங்கிப் படிப்பவருக்குத் தங்குமிடச் செலவு தனி. புத்தகம், கருவி போன்ற சில்லறைச் செலவுக்குத் தனித் தொகை உண்டு. முதுகலையும் முனைவர் ஆய்வும் மேற்கொள்வோருக்கு வேறு படி உண்டு. தொழிற்பயிற்சி பெறுவோரும் விடுபடவில்லை. என் மனத்தை மிகவும் தொட்டது பயணப் படிதான். படிக்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் இடையே போய்வரும் செலவை அது ஏற்பதோடு, குடும்பத்தில் துயரம் நேர்ந்தால் வீடு செல்லவும் வழி செய்கிறது. நெருங்கிய உறவின் இறப்புக்கு நேரில் போய் நிற்காமல் இருப்பது எந்தச் சமூகத்திலும் பெருங்குறை என்றாலும், உறவின் வட்டம் பரந்து விரிந்த சமூகங்களில் அது ஒரு மனிதரின் இடத்தையே கேள்விக்குள்ளாக்கும். இறுதிச்சடங்கா, தேர்வா என்று ஓர் இருபது வயது இளைஞர் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையைப் பயணச்சீட்டு ஒன்று தவிர்க்கிறது என்றால், அந்தப் பயணச்சீட்டுக்கு நான் கட்டணத் தள்ளுபடியைவிடக் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். குறை இல்லாமல் இல்லை. கூறுகள் பலவாக இருப்பதால் விதிகளும் பலவாகி, பெற்றோரின் வருமானத்தைப் பொறுத்துப் படி கூடியும் குறைந்தும் போவதால் ஒரு குடும்பம் தனக்கு எவ்வளவு வரும் என்பதைத் தானே கணக்கிட்டு அறிய முடிவதில்லை. துணைக்கு விவரம் தெரிந்த ஒருவர் இல்லாமல் இந்தப் படிவங்களைக் கடப்பது கடினம்.

கனடாவின் திட்டத்தை வாசிக்கும்போது முதலில் மகிழ்ச்சியும் பிறகு ஆற்றாமையும் ஏற்படுகின்றன. முதல் குடிகள் எனப்படும் சமூகங்களின் மாணவர்களுக்கு மேல்நிலைக் கல்விக்கு உதவும் இத்திட்டம் கட்டணம், புத்தகம், வாழ்க்கைச் செலவு, பயணம் ஆகிய எல்லாவற்றையும் ஏற்கக்கூடியது. யாருக்கு முன்னுரிமை என்பதை மத்திய அலுவலகம் அல்லாமல் அந்தந்தச் சமூகத்தின் ஆட்சிக்குழுவே முடிவு செய்கிறது. விண்ணப்பதாரரின் பாட்டனாரை அறிந்தவர்கள் விண்ணப்பத்தைப் படிக்கிறார்கள் என்பது சிறிய விஷயம் அல்ல. ஆனால், 1990-களின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள், நிதி ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரக் கூடாது என்ற வரம்பு அரசால் போடப்பட்டிருந்தது. இளைஞர்களின் எண்ணிக்கையும் கல்லூரிக் கட்டணமும் அதைவிட வேகமாக உயர்ந்தன. முடிவு எடுக்கும் உரிமை சமூகத்திடம். கையில் இருக்கும் பணமோ அனைவருக்கும் போதாது. தகுதியுள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருவரை அடுத்த ஆண்டு வா என்று அனுப்ப வேண்டிய பொறுப்பு, அந்தப் பிள்ளையின் சொந்த உறவினர்கள் தலையில் விழுந்தது. உறைவிடப் பள்ளிகளின் வரலாற்றை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் வெளியிட்ட 94 பரிந்துரைகளில் பதினோராவது, காத்திருக்கும் மாணவர்களின் வரிசையைத் தீர்க்கப் போதிய நிதி தர வேண்டும் என்பதே. பதினெட்டு வயதில் ஓராண்டு காத்திருப்பது என்பது வெறும் தாமதம் ஆகாது. அந்த ஓராண்டில் வேலைக்குப் போய், வீட்டுப் பொறுப்பை ஏற்று, கடன் ஒன்றைத் தலையில் சுமந்துகொண்ட பிறகு, மறு ஆண்டு இடம் கிடைத்தாலும் கிளம்ப முடிவதில்லை. அதிகாரத்தைப் பகிர்ந்ததற்காக இத்திட்டத்தை மதிக்கிறேன். அதிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் பணத்தை முடக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவில் ஒரே திட்டம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. அங்கே உடன்படிக்கைகள், மாநிலச் சட்டங்கள், தனியார் நிதிகள், பழங்குடி அரசுகளின் சொந்த உதவிகள் என ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகள் இருக்கின்றன. அவற்றில் மிகவும் தெளிவானது கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரியில் இருப்பது. பழங்குடிக் குழந்தைகளுக்கான பழைய உறைவிடப் பள்ளியின் நிலத்தையும் கட்டடங்களையும் மத்திய அரசு 1911-இல் அந்த மாநிலத்துக்குக் கொடுத்தபோது, அங்கு பழங்குடி மாணவர்கள் கட்டணமின்றிச் சேர்க்கப்பட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. இன்றுவரை அந்த நிபந்தனை செல்லுபடியாகிறது. மத்திய அரசு அங்கீகரித்த எந்தப் பழங்குடியைச் சேர்ந்தவரும், எந்த மாநிலத்திலிருந்து வந்தாலும், அங்கே கல்விக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. மிச்சிகன் மாநிலம் 1976-இல் இதையொத்த கட்டண விலக்குச் சட்டம் ஒன்றை இயற்றியது. கட்டுரைப் போட்டி இல்லை, நேர்காணல் இல்லை, ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற எண்ணிக்கை இல்லை. நிலம் கொடுத்ததற்கு ஈடாக எழுதப்பட்ட கடமை என்பதால், ஃபோர்ட் லூயிஸில் சேரும் மாணவர் யாருக்கும் நன்றிக்கடன் பட்டவராக உள்ளே நுழைய வேண்டியதில்லை. இந்த மானத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இருந்தும் என் அளவுகோலின் முதல் கேள்வியில் இது சறுக்குகிறது. விலக்கு கல்விக் கட்டணத்துக்கு மட்டுமே. அறை வாடகையும் சாப்பாடும் புத்தகமும் பயணமும் மாணவர் பொறுப்பு. அந்த இடத்தை நிரப்ப முயல்பவை தனி நிதிகள். 1989-இல் தொடங்கிய அமெரிக்கப் பழங்குடிக் கல்லூரி நிதியம் அவற்றில் பெரியது. பழங்குடி மக்களின் நிலக் கணக்குகளை அரசு பல பத்தாண்டுகள் முறைகேடாக வைத்திருந்ததை எதிர்த்து, பிளாக்ஃபீட் பழங்குடியைச் சேர்ந்த எலூயிஸ் கோபெல் 1996-இல் தொடுத்த வழக்கு, 340 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தபோது, அதன் ஒரு பகுதியாக 6 கோடி டாலர் வரையிலான கல்வி நிதி ஒன்றுக்கும் வழி பிறந்தது. கணக்கு எழுதத் தெரிந்த ஒரு பெண், தன் மக்களின் கணக்கைச் சரிபார்க்கத் தொடங்கியதன் பயனாகப் பல நூறு மைல் தொலைவில் உள்ள ஒரு மாணவருக்கு அறை வாடகை கிடைக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. ஒரு நடைமுறைச் சிக்கலையும் குறிப்பிட வேண்டும்: அந்நாட்டு வரிச் சட்டப்படி, கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் செலவாகும் உதவித்தொகைக்கு வரி இல்லை, தங்குவதற்கும் உண்பதற்கும் செலவாகும் தொகையோ வருமானமாகக் கருதப்படுகிறது. ஏழை மாணவருக்கு எது மிகவும் தேவையோ அதுவே வரிக்கணக்கில் ஏறுகிறது.

இடம்பெயராமலே படிக்க வழி செய்வதும் ஓர் உதவித்தொகைதான் என்று நான் கருதுவதால், பழங்குடிகளே நடத்தும் கல்லூரிகளையும் இங்கே சேர்க்கிறேன். நவாஹோ மக்கள் 1968-இல் நிறுவிய கல்லூரி, இன்று டினே கல்லூரி என்ற பெயரில் இயங்குகிறது. அதைப் பின்பற்றி 30-க்கும் மேற்பட்டவை தோன்றின. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தொலைவில் இருப்பதால் குழந்தை பெற்ற இளம் தாய்மார்கள்கூட அங்கே சேர முடிகிறது. தொலைதூரத்துப் பல்கலைக்கழகம் எவ்வளவு உதவி கொடுத்தாலும் இவர்களை அது ஈர்த்திருக்காது.

இந்தியாவின் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகையைப் பற்றி எழுதும்போது என் குரலில் உரிமையும் வருத்தமும் கூடுதலாக ஒலித்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். விடுதலைக்கு முன்பே, 1944-45-இல் பட்டியல் சாதி மாணவர்களுக்காகத் தொடங்கி, சில ஆண்டுகளில் பழங்குடியினருக்கும் நீட்டிக்கப்பட்ட திட்டம் இது. 2011 கணக்கெடுப்பின்படி 10.4 கோடிப் பேரைக் கொண்ட ஒரு மக்கள் தொகுதிக்கானது. இதன் பெரும்பலம் இது போட்டி அல்ல என்பதே. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 இலட்சம் ரூபாய்க்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற படிப்பில் சேர்ந்திருந்தால் போதும். முதலிடம் பெற்றவருக்கும் தட்டுத்தடுமாறித் தேறியவருக்கும் ஒரே உரிமை. சிறந்தவர்களை மட்டும் பொறுக்கியெடுக்கும் தனியார் நிதிகளோடு ஒப்பிட்டால் இதன் பெருந்தன்மை விளங்கும். வறுமை சராசரி மாணவரையும் அழுத்துகிறது. ஆகவே சராசரி மாணவரையும் தாங்குகிற திட்டமே வறுமைக்கு எதிரான திட்டம். கட்டணத்தோடு பராமரிப்புப் படியும் உண்டு. விடுதியில் தங்குவோருக்கு அது கூடுதல்.

ஆனால் இரண்டாம் கேள்வியில், அதாவது நாள் குறித்த கேள்வியில், இத்திட்டம் எனக்கு மிகுந்த வேதனை தந்திருக்கிறது. செலவை மத்திய அரசும் மாநில அரசும் பொதுவாக 75-க்கு 25 என்ற விகிதத்திலும், வடகிழக்கு மாநிலங்களில் 90-க்கு 10 என்ற விகிதத்திலும் பகிர்ந்துகொள்கின்றன. கல்லூரி சரிபார்த்து அனுப்ப, அதன் பிறகு துறை அலுவலகங்கள் சரிபார்க்க, நிதி ஒதுக்கீடு இறங்கி வர, வங்கிக்குப் பட்டியல் போக என ஒவ்வொரு படியிலும் சில வாரங்கள் கரைகின்றன. கல்வியாண்டு தொடங்கி வெகு மாதங்கள் கழித்து, சில நேரங்களில் ஆண்டு முடிந்த பிறகு, தொகை வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதுவரை அந்த மாணவர் கடனில் படிக்கிறார். கடனுக்கு வட்டி உண்டு. தாமதமாக வரும் உதவித்தொகைக்கு வட்டி இல்லை. நேரடியாகப் பயனாளியின் கணக்கில் செலுத்தும் முறை 2013-இல் வந்தபோது இடைத்தரகு ஒழிந்தது உண்மை, அதை மனமாரப் பாராட்டுகிறேன். அதே வேளையில் ஆதார் இணைப்பு வேறொரு வங்கிக் கணக்கில் இருப்பது, சான்றிதழில் ஒரு எழுத்து மாறியிருப்பது, பயன்படுத்தாத கணக்கு செயலிழந்துபோவது போன்ற புதிய வகைச் சிக்கல்கள் முளைத்தன. ஒருமுறை ஒரு மாணவரின் தந்தை பெயரில் இருந்த முன்னெழுத்து வேறுபாட்டைத் திருத்துவதற்காக ஓர் அலுவலகத்துக்கு ஐந்து முறை சென்றோம். ஒவ்வொரு முறையும் அவர் தந்தை ஒரு நாள் கூலியை இழந்தார். ஐந்து நாள் கூலியையும் போக்குவரத்துச் செலவையும் கூட்டியபோது, அவருக்கு வர வேண்டிய இரண்டு மாதப் படி அதில் போய்விட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக இனச்சான்று. இடம்விட்டு இடம் நகர்ந்து வாழ்ந்த, நில ஆவணம் எதுவும் கையில் இல்லாத, பெற்றோர் பள்ளிக்கே போகாத குடும்பங்களிடம், பெற்றோரின் பள்ளிச் சான்றையும் முன்னோரின் நில ஆவணத்தையும் காட்டு என்று கேட்பது, மிகவும் பின்தங்கியவர்களையே வாசலில் நிறுத்திவைக்கிறது. போலிச் சான்றுகளைத் தடுக்க வேண்டிய தேவையை நான் மறுக்கவில்லை. உண்மையான பழங்குடியினரின் இடத்தை மற்றவர்கள் பறித்துக்கொண்ட நிகழ்வுகள் இருக்கின்றன. ஆனால், சரிபார்க்கும் சுமையை விண்ணப்பிக்கும் பிள்ளையின் தோளில் ஏற்றாமல், அலுவலரே வாழ்விடத்துக்குச் சென்று விசாரித்து முடிக்கும் ஏற்பாடுதான் முறையானது. குழந்தை முதல் வகுப்பில் சேரும்போதே சான்று வழங்கிவிட்டால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் ஓட வேண்டிய ஓட்டம் இல்லாமல் போகும்.

இதே அரசின் மற்ற இரண்டு ஏற்பாடுகளைச் சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். ஆராய்ச்சி மாணவர்களுக்கான தேசிய ஆய்வுதவி ஆண்டுக்கு 750 பேருக்குக் கிடைக்கிறது. ஆய்வுப் படிப்பில் பழங்குடியினரின் வருகையைப் பெருக்கியதில் இதற்குப் பங்குண்டு. வெளிநாட்டில் உயர்படிப்புப் பயில்வதற்கான உதவி ஆண்டுக்கு 20 பேருக்கு மட்டும். அதில் 3 இடங்கள் மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கு. முண்டா பழங்குடியில் பிறந்த ஜெய்பால் சிங், தன் திறமையை அடையாளம் கண்டுகொண்ட பாதிரியார் ஒருவரின் ஆதரவால் ஆக்ஸ்ஃபோர்டு சென்று, 1928-இல் ஒலிம்பிக் வளைகோல்பந்து அணிக்குத் தலைமையேற்று, பின்னர் அரசியலமைப்பு அவையில் ஆதிவாசிகளின் குரலாக எழுந்து நின்றார். ஒரு தனிமனிதரின் கண்ணில் பட்டதால் கிடைத்த வாய்ப்பு அது. 10 கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு ஆண்டுக்கு 20 என்பது, அந்தத் தற்செயலைச் சற்றே பெரிதாக்கியதாக மட்டும் எனக்குப் படுகிறது.

கல்லூரி வாசலில் தொடங்கும் எந்தத் திட்டமும் தாமதமாகத் தொடங்குகிறது என்பதை மெக்சிகோவின் அனுபவம் எனக்கு உணர்த்தியது. 1997-இல் பிரோக்ரேசா என்ற பெயரில் ஊர்ப்புற ஏழைக் குடும்பங்களுக்காகத் தொடங்கப்பட்ட திட்டம், பிள்ளை தவறாமல் பள்ளிக்குச் சென்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தாயின் கையில் உதவித்தொகையைக் கொடுத்தது. தொடக்கப்பள்ளியின் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆரம்பித்து, வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறியது. இடைநிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு ஆண் பிள்ளைகளைவிடக் கூடுதலாக வழங்கப்பட்டது. பிள்ளை வளர வளர அவன் ஈட்டக்கூடிய கூலியும் வளர்கிறது, பெண்ணை நிறுத்தும் அழுத்தமும் வளர்கிறது என்ற உண்மையை அறிந்தவர்கள் வகுத்த அட்டவணை அது. திட்டம் முதலில் வந்தவை, பின்னர் வந்தவை என 506 ஊர்களை இரு பிரிவாகப் பிரித்து ஆராய்ந்தபோது, இடைநிலைப் பள்ளியில் சேர்வோர், குறிப்பாகப் பெண்கள், கூடியிருப்பது தெரிந்தது. பழங்குடியினருக்கென மட்டும் அமைந்த திட்டம் அல்ல என்றாலும் பழங்குடி ஊர்கள் பெருமளவில் இதில் இருந்தன. பள்ளியே இல்லாத ஊரில் இந்தப் பணம் என்ன செய்யும் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

பெரு நாட்டில் 2012-இல் தொடங்கிய பெக்கா 18 என்ற உதவித்தொகை கட்டணம், உணவு, தங்குமிடம், பயணம் ஆகியவற்றை ஏற்பதோடு படிப்பில் துணைநிற்கும் ஆசிரியர் வழிகாட்டலையும் சேர்த்துக் கொடுக்கிறது. அமேசான் காட்டுப் பகுதியின் பழங்குடிச் சமூகங்களுக்கென ஒரு பிரிவும், இருமொழிப் பள்ளிகளில் கற்பிக்கப் போகும் ஆசிரியர்களை உருவாக்க இன்னொரு பிரிவும் அதில் உண்டு. இரண்டாவதை நான் வெகுவாக வரவேற்கிறேன். தாய்மொழியில் பாடம் சொல்லத் தெரிந்த ஒருவருக்குக் கொடுக்கும் உதவித்தொகை, அவர் வகுப்பில் அமரும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுத்ததாகிறது.

தேர்வு முறையில் என்னை யோசிக்க வைத்தது ஃபோர்டு அறக்கட்டளையின் பன்னாட்டு ஆய்வுதவித் திட்டம். 2001 முதல் 2013 வரை 22 நாடுகளிலிருந்து 4,300-க்கும் மேற்பட்டோரை முதுகலை, முனைவர் படிப்புகளுக்கு அனுப்பிய அது, பழங்குடியினர் உள்ளிட்ட, வழக்கமாக வாய்ப்பு மறுக்கப்பட்டோரைத் தேடிச் சென்றது. மதிப்பெண்ணோடு தம் மக்களுக்காக அவர்கள் செய்திருந்த வேலையையும் சம எடையில் பார்த்தது. தேர்வானவர்களுக்குப் பல்கலைக்கழகம் செல்வதற்கு முன்பே மொழிப் பயிற்சியும் கணினிப் பயிற்சியும் அளித்தது. ஆங்கிலம் தெரியாததால் தகுதியில்லை என்று ஒதுக்குவதற்குப் பதிலாக, ஆங்கிலத்தைக் கற்றுக்கொடுத்துத் தகுதியாக்கியது. பெரும்பாலோர் படித்து முடித்துத் தம் நாடுகளுக்கே திரும்பினார்கள். பதின்மூன்று ஆண்டுகளில் அது முடிந்துபோனதை நினைத்து நான் வருந்துகிறேன். தனியார் நிதியின் இயல்பான குறை இதுதான்: அண்ணன் பெற்ற வாய்ப்பைக் கேள்விப்பட்டுத் தம்பி ஆயத்தமாகி வரும்போது கதவு மூடியிருக்கும்.

இவையெல்லாம் வறுமையைக் கடக்க உதவுகின்றனவா என்று கேட்டால், உதவுகின்றன என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் அது நடக்கும் விதம் விளம்பரத் தாள்களில் இருப்பதைப் போன்றதல்ல. பட்டம் பெற்ற முதல் ஆள் தன் சம்பளத்தில் தனக்கென வீடு கட்டுவதில்லை. தங்கையின் விடுதிக் கட்டணத்தைக் கட்டுகிறார், அப்பாவின் பழைய கடனை அடைக்கிறார், ஊர்க்காரர் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று படிவத்தை நிரப்புகிறார். அவருடைய கையிருப்பு நெடுநாள் வெறுமையாகவே இருக்கும். அடுத்த பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது யாரிடம் கேட்பது என்ற திகைப்பு மட்டும் அந்த வீட்டில் இருக்காது. நியூசிலாந்தில் உதவித்தொகை பெற்றுப் படித்து, 1893-இல் அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்த முதல் மாவோரியான ஆபிரானா நாட்டா, பின்னாளில் அமைச்சராகித் தம் மக்களின் நிலங்களை அவர்கள் கையாலேயே பண்படுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஒருவர் படித்ததன் பயன் எங்கெல்லாம் போய்ச் சேரும் என்பதை மூன்றாண்டு அறிக்கையில் அளந்துவிட முடியாது. அதே வேளையில், தொடக்கப்பள்ளியில் ஆசிரியர் இல்லாத, உயர்நிலைப் பள்ளிக்குப் பாதை இல்லாத வாழ்விடங்களிலிருந்து கல்லூரி வரை வந்து சேர்பவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருக்கு உதவுவதைக் காட்டி, வராமல்போனவர்களை ஓர் அரசு மறந்துவிடக் கூடாது.

விண்ணப்பிக்க இருக்கும் இளைஞர்களுக்கும் அவர்களுக்குத் துணைநிற்போருக்கும் என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். அறிவிப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்க்க வேண்டாம். முதல் தவணை எந்த மாதம் வரும் என்பதை முன் ஆண்டு பெற்ற ஒருவரிடம் கேட்டறியுங்கள். புதுப்பித்தலுக்கு எத்தனை மதிப்பெண் வேண்டும், ஒரு தாளில் தவறினால் முழுத் தொகையும் நிற்குமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். முதல் பருவத்தில் தவறுவது, மொழி மாறிப் படிக்க வந்தவர்களிடம் மிகவும் இயல்பு. அதற்காகத் தொகையை நிறுத்தும் திட்டம், தான் யாருக்காக உருவானது என்பதை மறந்துவிட்டது. இனச்சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பதினொன்றாம் வகுப்பிலேயே பார்த்துவிடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட உதவிகளைச் சேர்த்துப் பெறலாமா என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது கிடைத்ததும் முதலாவதைத் திருப்பிக் கேட்ட நிகழ்வை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

உதவித்தொகை வழங்க நினைக்கும் நல்ல உள்ளங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. கட்டணத்துக்கு ஏற்கெனவே அரசு உதவி இருக்கும் இடங்களில் இன்னொரு கட்டண உதவியைத் தொடங்குவதைவிட, அரசுத் தொகை வந்து சேரும்வரை மாணவர் தாக்குப்பிடிக்க ஒரு சிறு கைமாற்று நிதியை அந்தக் கல்லூரியிலேயே வையுங்கள். வட்டி வேண்டாம், பிணை வேண்டாம். விடுதிக் காப்பாளரும் மாணவர் ஒருவரும் கையெழுத்திட்டால் அன்றைக்கே கொடுக்கப்பட வேண்டும். உதவித்தொகை வந்ததும் பெரும்பாலோர் திருப்பிக் கட்டிவிடுவார்கள். நாங்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதி இதைச் செய்து பார்த்தோம். அந்தக் குறிப்பேட்டில் அடிக்கடி எழுதப்பட்ட காரணம் ஊருக்குப் போய்வர என்பதுதான்.